எதிர்ச்சுற்று

பாலக்காட்டுக் கோட்டையை ஒருமுறை சுற்ற
எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
மழை பெய்து பாசி வழுக்கினால் பதினைந்து.
யாரும் கேட்கப்போவதில்லை,
ஆனாலும் கணக்கு வைத்திருக்கிறேன்.

வாளையார் சோதனைச்சாவடியில் வேலை.
தடுப்புக் கம்பத்தின் கயிற்றை இழுத்து, விட்டு,
எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு என்று
பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறவனுக்கு
எங்கேயும் போய்ச் சேராத ஒரு பாதை
தினமும் கொஞ்சம் தேவைப்படுகிறது.

எதிரியை அக்கரையில் நிறுத்த வெட்டிய அகழி.
இப்போது அதைச் சுற்றி ஓடுவது
சர்க்கரையும் ரத்த அழுத்தமும்.
தண்ணீர் பச்சை. ஓர் ஆமை
தலையை நீட்டி எங்களைப் பார்க்கும்,
இவர்கள் இன்னும் முற்றுகையை முடிக்கவில்லையா
என்பது மாதிரி.

எல்லோரும் வலமாகத்தான் நடப்போம்.
உள்ளே அனுமார் இருப்பதால் இருக்கலாம்.
அபுதாகிரும் அப்படித்தான் நடக்கிறார் என்பதால்
அதுவும் இல்லை.

அபுதாகிர் என்பது பிற்பாடு தெரிந்த பெயர்.
அதுவரை அவர்
வியர்வை இலங்கை வடிவில் படியும் நீலச் சட்டை.
இன்னொருவர், இடது செருப்பு மட்டும்
டப் டப் என்று பேசுகிறவர்.
ஒரே குடைக்குள் ஒரு தம்பதி:
அவர் தமிழில் திட்டுவார்,
அந்த அம்மா மலையாளத்தில் தள்ளுபடி செய்வார்.
நாலு வருஷத்தில் நான் சேர்த்தவை எல்லாம்
முதுகுகள்.

போன செவ்வாய்க்கிழமை
ஷூவுக்குள் ஒரு கல்.
குனிந்து எடுத்து நிமிர்ந்தேன்.
கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது.
தள்ளிய பக்கமே நடந்தேன்.

முகங்கள்!
நீலச் சட்டைக்கு மேலே
நேற்று சவரம் செய்தது போல ஒரு பையன் முகம்,
ஐம்பத்தைந்து வயதில்.
டப் டப் கண்டமுத்தன்
பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருகிறார்.
குடைக்குள் இருவரும் சிரிக்கிறார்கள்.
நாலு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான்
சண்டை போட்டார்களோ?

எதிர்ச்சுற்றில் ஒரு சிக்கல்.
ஒரு வட்டத்துக்கு இரண்டுமுறை பார்க்க வேண்டும்.
முதல் தடவை புன்னகை.
இரண்டாவதுக்குத் தலையசைப்பு.
மூன்றாவதுக்குக் கையில் எதுவும் மிச்சமில்லை,
ஆமையைப் பார்ப்பது போல நடித்தேன்.

நாலாவது சந்திப்பில்தான் ஒரு பெண் நின்றாள்.
எனக்குத் தெரியாத முகம்.
முதுகும் தெரியாது.
"சாறே, நிங்களா?" என்றாள்.
"வலது தோள் சரிந்த ஆள் இன்னைக்கு வரலையேன்னு
தேடிட்டே வந்தேன்."

எனக்குப் பின்னால்
யாராவது நடப்பார்கள் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

தெய்வானை, பத்திரம் எழுதுகிறவள்.
சர்வே எண், நான்கெல்லை, வில்லங்கம்
எல்லாம் படித்த கண்.
"கிணத்துல தண்ணி இறைக்கற வேலையோ?"
"இல்லை, கேட்."
"ஓ. அதுவும் இறைக்கறதுதான்."

அன்று நடை அதோடு முடிந்தது.
மைதானத்துக்கு அந்தப் பக்கம்
பெயர்ப்பலகையில் பாதி பல்பு எரியும் கடை.
ஆறு பேர். நாலு நாற்காலி, ஒரு கிரேட்.
ராமசேரி இட்லி வந்தது:
இட்லிக்கும் தோசைக்கும் எல்லைத் தகராறு வந்து
நடுவில் உட்கார்ந்துவிட்டது போலத் தட்டையாக.
பொடிக்குத் தேங்காயெண்ணெயா நல்லெண்ணெயா என்று
குடைக்காரர் தமிழில் கேட்டார்.
தீர்ப்பு மலையாளத்தில் வந்தது.
நடந்து எரித்ததை எல்லாம்
அபுதாகிர் பழம்பொரியாகத் திரும்ப வாங்கினார்.
சர்க்கரை போடாத சாயாவோடு, சாட்சிக்கு.

நான் யாரிடமும்
எங்கிருந்து என்று கேட்கவில்லை.

மறுநாள் வலமாகவே நடந்தேன்.
மழை இல்லை. இலங்கை முன்னே போனது.
பின்னால் செருப்புச் சத்தம் கேட்டபோது
தோளைச் சற்று நிமிர்த்தினேன்.
இருபதடி தாண்டுவதற்குள்
மறந்துபோயிற்று.